அடுத்தவன் முடிச்சு

மீன் நீந்தத் தெரியாமல் செத்தது என்று எவனாவது எழுதினால் படிக்கிறவன் சிரிப்பானா மாட்டானா? ஹபீப் முகமது முடிச்சுப் போடத் தெரியாமல் செத்தான் என்று கம்பெனிக்காரர்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. அதில் அவன் மனைவி ஜான் பீவியின் கையெழுத்தையும் கேட்டார்கள்.

ஹபீப் கலாசி மேஸ்திரி. பாரத்தைக் கயிற்றில் கட்டி, கப்பியில் மாட்டி, மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும்தான் கலாசிகளின் பிழைப்பு. நெய்வேலி மைன்ஸுக்குச் சாமான்கள் பழுதுபார்த்துத் தரும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் யார்டில் அவன் வேலை பார்த்தான். சேர்ந்த அன்றைக்கும் காண்ட்ராக்ட், செத்த அன்றைக்கும் காண்ட்ராக்ட். பர்மனென்ட் என்ற வார்த்தையை அந்த வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி யாரும் வாயில் எடுப்பதில்லை.

ஆனால் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டால் ஆளே வேறு. மந்தாரக்குப்பத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் துணி காயப்போடும் கொடியிலிருந்து மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி வரைக்கும் அவன் கட்டியதுதான். ஆடிக்காற்றில் பக்கத்து வீட்டுத் தகரம் பறந்துபோய் மின்கம்பத்தில் தொங்கியபோதுகூட இவர்கள் வீட்டுத் தொட்டி மூடி அசையவில்லை. முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் வாலை ஒரு சாண் மிச்சம் விட்டு, அதைத் திருப்பி ஒரு முறை உள்ளே சொருகுவான். அது அவன் வழக்கம். சந்தையிலிருந்து காய்கறிப் பையைக் கட்டிக்கொண்டு வந்தாலும் அதே கதைதான். ஜான் பீவி பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டே, உள்ளே என்ன புலியைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறீர்களா என்று திட்டுவாள். வால் இல்லாத முடிச்சுக்கு மானம் இல்லை என்று அவன் சிரிப்பான்.

யோசித்துப் பார்த்தால் மனுசனுக்கு முடிச்சில்லாமல் என்ன இருக்கிறது? பிறந்த பிள்ளைக்கு இடுப்பில் கயிறு, பயந்த பிள்ளைக்குக் கழுத்தில் தாயத்து, நாகூர் போய் வந்தால் மணிக்கட்டில் நூல், நிக்காஹ் அன்றைக்குக் கருகமணி. ஹபீபோடு வேலை பார்த்த தனகோடி இதை வைத்தே அவனைச் சீண்டுவான். "எங்காளுங்க மூணு முடிச்சு போட்டு ஆரம்பிக்கிறாங்க. உங்காளுங்க மூணு முடிச்ச அவுத்து முடிக்கிறாங்க பாய்" என்பான். அவன் சொன்னது கபன் துணியை. இறந்தவரின் மய்யித்தைக் கபனில் சுற்றி, தலைமாட்டிலும் இடுப்பிலும் கால்மாட்டிலும் கட்டியிருப்பார்கள். குழிக்குள் இறக்கியபின் நெருங்கிய உறவில் ஒருவர் உள்ளே இறங்கி அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட வேண்டும். கட்டோடு யாரையும் மண்ணுக்குக் கொடுப்பதில்லை. நடுவில் இருக்கிற முடிச்சையெல்லாம் நாம் இரண்டு பேரும்தான் போட்டாக வேண்டும், கயிற்றை ஒழுங்காகப் பிடி என்று ஹபீப் அவன் வாயை அடைப்பான்.

அந்த யார்டில் கலாசிகளுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவன் போட்ட முடிச்சை அவனேதான் அவிழ்க்க வேண்டும். அடுத்தவன் முடிச்சில் கை வைப்பது அவன் சோற்றில் கை வைப்பது போல. உனக்கு வேலை தெரியாது என்று முகத்தில் அடித்துச் சொல்வதற்குச் சமம். கை வைக்கிற உரிமை மேஸ்திரிக்கு மட்டும் உண்டு. அவரும் வைக்க மாட்டார். வாயால் சொல்லி, கட்டியவனையே அவிழ்த்துக் கட்டச் செய்வார். ஹபீபும் எல்லோரிடமும் அப்படித்தான் இருந்தான், ஒருத்தனைத் தவிர.

அந்த ஒருத்தன் முகமது அசீம், ஜான் பீவியின் தம்பி. ஹபீப்தான் அவனைக் கூட்டிப் போய்க் கலாசி வேலையில் சேர்த்துவிட்டவன். அசீம் நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. ஆனால் கைவேலையில் அவசரக்குடுக்கை. இடது கைக்காரன் என்பதால் அவன் முடிச்சு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அது ஒரு குற்றமில்லை. வால் தொங்கினால் அசிங்கமாக இருக்கிறது என்று ஒட்ட நறுக்கிவிடுவான், அதுதான் குற்றம். ஒரு பக்ரீதுக்கு வாங்கிய கிடாவை அசீம் கட்டிப்போட்டான். விடிந்து பார்த்தால் கயிறு இருக்கிறது, கிடா இல்லை. வடலூர் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்ததைப் பிடித்து வந்தார்கள். அதற்குப் பிறகு தெருவில் யார் வாக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனாலும் 'அசீம் கட்டுன ஆடு' என்றே பேர்.

இதனால் ஹபீப் அவன் முடிச்சைக் கண்டால் நின்றுவிடுவான். பேச மாட்டான், திட்ட மாட்டான். தானே அவிழ்த்து, தானே கட்டிவிட்டுப் போய்விடுவான். மச்சான் முறை என்கிற உரிமை. ஆனால் பார்க்கிறவனுக்கு அது தெரியுமா? அசீமுக்குச் சேத்தியாத்தோப்பில் அப்சானா என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்த நேரம் அது. பெண்ணின் தாய்மாமன் அதே யார்டில் வெல்டர். மாப்பிள்ளை கட்டுவதை மேஸ்திரி தினமும் அவிழ்த்துக் கட்டுகிறார் என்ற சேதி சேத்தியாத்தோப்புக்குப் போய், அங்கே ஒரு சுற்று பெருத்து, மந்தாரக்குப்பத்துக்குத் திரும்பி வந்தது. அசீம் அக்காவிடம் வந்து உட்கார்ந்து, வளர்ந்த ஆம்பிளை, கண்ணில் தண்ணீர் விட்டான்.

தம்பி அழுதால் எந்த அக்காவுக்குத்தான் தாங்கும்? அன்றைக்கு ஹபீப் சாப்பிட உட்கார்ந்ததும் ஜான் பீவி பிடித்துக்கொண்டாள். நாலு பேர் எதிரில் அவன் மானத்தை வாங்குகிறீர்களே, உங்கள் கூடப் பிறந்தவனாக இருந்தால் இப்படிச் செய்வீர்களா என்று ஆரம்பித்து, பழைய கணக்கையெல்லாம் கிளறி, கடைசியில் அவன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"இனிமே எந்தம்பி முடிச்சில கை வெக்க மாட்டேன்னு சொல்லுங்க. எம்மேல ஆணையா சொல்லுங்க."

அவன் சோற்றுக் கையோடு சிரித்தான். அல்லாவைத் தவிர வேறெதன் மேலும் ஆணையிடக் கூடாதடி என்று சொல்லிப் பார்த்தான். அவள் விடுவதாக இல்லை. சரி, வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டான். வீட்டில் ஒரு சண்டையில் ஜெயித்த சந்தோசத்தில் அவள் அப்பளம் கூடப் பொரித்துப் போட்டாள்.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. கன்வேயர் உருளை ஒன்றை, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கொட்டகையின் மேல்தளத்துக்கு ஏற்றினார்கள். பாதி உயரத்தில் ஒரு பக்கத்து முடிச்சு உருவிக்கொண்டது. உருளை சரிந்து, கீழே கயிறு பிடித்து நின்றிருந்த ஹபீபின் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். போய் என்ன, பேருக்குப் போனார்கள்.

அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் திரும்பி வந்தபோது, குழிக்குள் இறங்கியது அசீம் என்றும், மூன்று கட்டையும் அவன்தான் அவிழ்த்தான் என்றும் ஜான் பீவியின் அம்மா வந்து சொன்னாள். அந்த நிலையிலும் ஜான் பீவிக்கு ஒரு ஆறுதல். வேறு யார் கையும் படவில்லை, என் தம்பி கைதான் பட்டது என்று நினைத்து அழுதாள்.

புருசன் போன பெண் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் ஜான் பீவி உட்கார்ந்தாள். கருகமணியைக் கழற்றியாயிற்று, வெளி ஆண்கள் முகம் பார்ப்பதில்லை, வாசல் தாண்டுவதில்லை. அவள் வாசலைத் தாண்டாவிட்டால் என்ன, ஊர்ப்பேச்சு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மேஸ்திரியே தப்பாகக் கட்டிவிட்டாராம், வயசு ஆகிவிட்டதாம், நினைப்பு எங்கேயோ இருந்ததாம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் சாதியா ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வீசினாள். அத்தாவுக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்று கூடப் படிக்கிறவள் சொன்னாளாம். இவள் அவள் சடையைப் பிடித்து இழுத்தாளாம். டீச்சர் இவளைத்தான் வெளியே நிறுத்தினார்களாம். சொல்லிவிட்டு, சாப்பிடாமலேயே கொடிக்கயிற்றின் கீழே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வீசிய பையை ஜான் பீவி எடுத்து ஆணியில் மாட்டினாள். மனுசன் போனது போயிற்று; வீடு வாசல் என்று விட்டுப்போகவில்லை, நிலம் நீச்சு என்று விட்டுப்போகவில்லை. விட்டுப்போனது ஒரு நல்ல பேர். அதையுமா பிடுங்குவார்கள்?

அந்த வாரமே கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சூப்பர்வைசர் செங்குட்டுவன் முன்னறையில் உட்கார்ந்துகொண்டான். சேஃப்டி ஆபீசர் விஜயலட்சுமி பெண் என்பதால் திரைச்சீலையை விலக்கி உள்ளறைக்கு வந்து, பாயில் ஜான் பீவிக்கு எதிரே உட்கார்ந்தாள். சின்ன வயசு, கையில் பைல், முகத்தில் நிஜமான வருத்தம். கட்டியது ஹபீப்தான் என்று கலாசிகள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள், தனகோடி உட்பட. குடும்பத்துக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் பைலை மூடிவிடலாம் என்றாள்.

ஆதாரம் உண்டா என்று ஜான் பீவி கேட்டாள். விஜயலட்சுமி போனைத் திறந்து படம் ஒன்றைக் காட்டினாள். உருவிக்கொண்ட முடிச்சு போய்விட்டது; உருளையின் மறுமுனையில் இருந்தது அப்படியே நின்றிருந்தது. இரண்டையும் கட்டியது ஒரே ஆள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஜான் பீவி போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எதிர்ப்பக்கமாகத் திரும்பிய முடிச்சு. ஒட்ட நறுக்கிய வால்.

தண்ணீர் கேட்டுக் குடித்தாள். யோசித்துச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். முன்னறையில் செங்குட்டுவன் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது என்று திரைக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அசீம் வந்தான். ஹபீபின் இடத்தில் இப்போது அவன்தான் மேஸ்திரி. வந்து நின்ற விதத்திலேயே அது தெரிந்தது. ஜான் பீவி சுற்றி வளைக்கவில்லை. நீதானே கட்டினாய் என்றாள். அவன் முதலில் இல்லை என்றான். கூடத் தொழுதவர்கள் பேரைச் சொல்லிப் பேச்சை மாற்றினான். பக்ரீது ஆட்டைக் கட்டியவன் முடிச்சு எனக்குத் தெரியாதா என்று அவள் கேட்டதும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

கலாசிகள் எல்லோரும் கூடிப் பேசித்தான் அப்படிச் சொன்னார்களாம். பாய் போய்விட்டார், திரும்பி வரப்போவதில்லை. இருக்கிறவனையும் கெடுப்பானேன், கல்யாணம் ஆகப்போகிற பையன் என்று தனகோடிதான் முதலில் சொன்னானாம். நல்ல மனசோடு செய்த பாவம். பாரம் தூக்குவதற்கென்றே இருக்கும் பெல்ட்டைப் போட்டுத் தூக்க வேண்டிய உருளையை, பெல்ட் கேட்டும் வராததால்தான் கயிற்றில் கட்டினோம் என்பதையும் ஒருவரும் சொல்லவில்லையாம். சொன்னால் எல்லோர் வேலையும் போகும்.

அடுப்படியில் இருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"மண்ணுக்குள்ள போனவனுக்குப் பேரு எதுக்குடி ஜானு? மண்ணு மேல நிக்கிறவனுக்குத்தான் பேரு வேணும். கையெழுத்தப் போட்டுட்டு வாய மூடிகினு இரு."

ஜான் பீவிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெற்ற தாயா இப்படிப் பேசுகிறாள்? தம்பி பக்கம் திரும்பினாள். கபன் கட்டை அவிழ்க்க அந்தக் கை எப்படியடா துணிந்தது என்று கேட்டாள். அவர் எத்தனை தடவை உன் முடிச்சை அவிழ்த்துக் கட்டினார், அன்றைக்கு மட்டும் அவர் கண்ணில் படாமல் எப்படிக் கட்டினாய் பாவி என்று கேட்டாள்.

அசீம் தலையைத் தூக்கினான். அது வரைக்கும் அழாதவன் அப்போதுதான் அழுதான்.

"கண்ணுல படாம இல்லக்கா. மச்சான் வந்து பாத்தாரு. முடிச்சுகிட்ட கைய நீட்னாரு. அப்பறம் எடுத்துகினாரு. 'உங்கக்காகிட்ட வாக்கு குடுத்துட்டேன்டா, நீயே ஒருக்கா அவுத்து கட்டு'ன்னாரு. அதெல்லாம் தாங்கும்னேன். எல்லாரும் தள்ளி நில்லுங்கன்னு தொரத்திட்டு, அவரு மட்டும் கயிறப் புடிச்சிகினு கீழ நின்னாரு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜான் பீவி தன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் கையை எடுத்து அவள் வைத்துக்கொண்ட இடம் அது. நம்பாத முடிச்சைத் தொட முடியாமல், அதன் கீழே வேறு யாரையும் நிற்க விடவும் முடியாமல், அந்த மனுசன் தானே போய் நின்றிருக்கிறான். அந்த வாக்கை வாங்கியது அப்பளம் பொரித்துப் போட்ட இதே கை. ஐயோ, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாக்கு மீறியிருக்கக் கூடாதா? ஊரில் எத்தனை புருசன் பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான்?

சாயங்காலம் விஜயலட்சுமி வந்தாள். செங்குட்டுவன் முன்னறையில், அசீம் அவனுக்குப் பக்கத்தில். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் மட்டும். அம்மா மகளின் முழங்கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விஜயலட்சுமி மறுபடியும் படத்தைக் காட்டி, இது உங்கள் வீட்டுக்காரர் போட்டதுதானே என்று கேட்டாள்.

ஜான் பீவி எழுந்து போய், சமையலறை ஜன்னல் கம்பியில் ஹபீப் கட்டியிருந்த முடிச்சைக் காட்டினாள். ஒரு சாண் வால், உள்ளே சொருகியது. இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, முன்னறைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அவரு கட்டலங்க. கட்டுனது எந்தம்பி அசீமு. அதுல கை வெக்கக் கூடாதுன்னு அவர்கிட்ட வாக்கு வாங்குனது நானு. பெல்ட் கேட்டுக் குடுக்காதது உங்க கம்பெனி. மூணையும் எழுதுங்க."

முழங்கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை விட்டுப்போனது. விஜயலட்சுமி பேனாவை எடுத்தாள். முதலாவதை எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள். பெல்ட் விஷயம் தன் கையில் இல்லை, மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள். சொல்லும்போது திரைச்சீலையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் செங்குட்டுவன் தொண்டையைக் கனைத்தான்.

"நான் சொன்னது?" என்று ஜான் பீவி கேட்டாள்.

"அது உங்க குடும்ப விஷயம்மா. இதுக்குத் தேவைப்படாது."

நல்ல பெண்தான். ஜான் பீவியின் கையைப் பிடித்து, நீங்கள் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னாள். ஊரில் எந்தத் தப்புக்கும் தண்டனை உண்டு, இந்தத் தப்பை எழுதிக்கொள்ளக்கூட ஆளில்லை. ஜான் பீவி கையெழுத்துப் போட்டாள். கூடவே வேலை பார்த்தவனின் கவனக்குறைவு என்று பைல் மூடியது, கம்பெனி கைகழுவியது. செங்குட்டுவன் அசீமைப் பார்த்து, நாளையிலிருந்து யார்டுக்கு வர வேண்டாம் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அம்மா தன் துணிமணிகளை ஒரு புடவையில் போட்டு மூட்டை கட்டினாள். இத்தாவில் இருக்கிற மகளைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வாசலில் நின்று, சேத்தியாத்தோப்புக்காரர்கள் இனி பெண் கொடுப்பார்களா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அசீம் மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

டியூஷனிலிருந்து வந்த சாதியாவுக்குத் தெருவிலேயே பாதி சேதி கிடைத்திருந்தது. ஓடி வந்தாள். முகத்தில் அத்தனை வெளிச்சம். அத்தா போன பிறகு அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து ஜான் பீவி பார்க்கவில்லை.

"அத்தா கட்டலன்னு எழுதிட்டாங்களாம்மா?"

எழுதிவிட்டார்கள் என்றாள். சாதியா பையை ஒழுங்காக ஆணியில் மாட்டினாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அந்தக் கூடப் படிக்கிறவளிடம் போய் என்னென்ன சொல்லப் போகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், கொடிக்கயிற்றின் கீழே நின்றுவிட்டாள்.

"மாமா கட்டுனத அத்தா பாக்கலியாம்மா? பாத்திருந்தா அவுத்து கட்டியிருப்பாரு இல்ல?"

மத்தியானத்திலிருந்து ஜான் பீவி தான் வாங்கிய வாக்கைப் பற்றிச் சொல்ல ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். ஆபீசர் எழுதிக்கொள்ளவில்லை, அம்மா நின்று கேட்கவில்லை. இதோ, கேட்பதற்கென்று ஒருத்தி வந்து நிற்கிறாள். பதிலுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"பாக்கலடி" என்றாள் ஜான் பீவி. "பாத்திருந்தா அவுத்திருப்பாரு."

சாதியா தலையாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போனாள்.